நாய்க்கடி மருந்தும் மல்லிகை மொட்டும்

மருந்துகளைப் பாதுகாப்பதில் என்னை மிஞ்ச இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். நானும் அதை மறுத்ததில்லை. எந்த மருந்து வெயில் பட்டால் கெடும், எது ஈரத்தில் கெடும், எந்த அட்டைப்பெட்டியைச் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது, வந்த சரக்கில் எதை முதலில் வெளியே கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டாயிரத்துக்குப் பிறகு புதிதாக வேலைக்கு வந்த மருந்தாளுநர்களுக்கு வகுப்பெடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். உறைந்து கெட்டுப்போன தடுப்பூசி மருந்தைக் குலுக்கிப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி என்று மேசையில் வைத்துச் செய்து காட்டுவேன். ஒருமுறை ஒரு பெண் எழுந்து, "சார், உறைஞ்சு போச்சுன்னு தெரிஞ்சே யாராச்சும் போட்டிருக்காங்களா?" என்று கேட்டது. "பாடத்துல இருக்கறத மட்டும் கேளும்மா" என்று உட்கார வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் முகம் சிவந்துபோய், கூட்டம் முடியும் வரை நிமிரவே இல்லை.

நான் போட்டிருக்கிறேன். தெரிந்தே கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அது நடந்தது. திண்டுக்கல்லில் இருந்து நிலக்கோட்டை போகும் வழியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தேன். வீடு டவுனில். மனைவி பள்ளிக்கூட டீச்சர். காலையில் பஸ் பிடித்துப் போய், மாலையில் திரும்புவேன். மருந்து அறை என்று எனக்குக் கொடுத்திருந்தது ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறை. ஒரே ஜன்னல், அதுவும் திறக்காது. குளுக்கோஸ் பாட்டில்கள் ஒரு மூலை, பஞ்சுச் சுருள்கள் ஒரு மூலை, கால் உடைந்த ஸ்ட்ரெச்சர், ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரங்கள், எலி கடித்த கையுறைப் பெட்டி. நடுவில் தடுப்பூசி மருந்து வைக்கும் பிரிட்ஜ். அந்தச் சுற்று வட்டாரத்திலேயே அது ஒன்றுதான் குளிர்ந்த இடம். அதனால் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண்.

மருந்தைத் தவிர வேறு எதையும் அதில் வைக்கக் கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அந்தக் காகிதத்தை நகர்த்திவிட்டுத்தான் டாக்டரின் மோர் பாட்டில் உள்ளே போகும். பிறகு சிஸ்டர் தலையில் வைக்கும் பூ வந்தது. அதன் பிறகு அட்டெண்டரின் பை வந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற கதைதான்.

அட்டெண்டருக்கு ஊருக்கு வெளியே கால் ஏக்கர் மல்லி இருந்தது. மல்லி மொட்டு பொல்லாத சரக்கு. விடியலில் பறித்தால் பொழுது சாய்வதற்குள் வாய் திறந்துவிடும். விரிந்த பூவை நிலக்கோட்டைச் சந்தையில் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் பறித்ததை விரியாமல் காப்பாற்றி மறுநாள் விற்றவனுக்கு யோகம். "ஒரே ஒரு பை சார். காலைல வேன்ல ஏத்திவிட்டுர்றேன்" என்று முதல் தடவை கெஞ்சினான். இரண்டாம் தடவை கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. தினமும் என் மனைவிக்கு என்று இரண்டு முழம் கட்டித் தருவான். அவள் அதை வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவாள். பூ நல்ல பூ என்று சக டீச்சர்கள் சொன்னதாக என்னிடம் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

பிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். காலையும் மாலையும் பார்த்து, கதவில் மாட்டியிருக்கும் அட்டையில் எழுத வேண்டும். நான் பார்க்காமலே நான்கு, நான்கு, ஐந்து, நான்கு என்று எழுதுவேன். ஒரே எண்ணாகப் போட்டால் சந்தேகம் வரும் என்பதால் நடுவில் அந்த ஐந்து.

ஒரு பெரிய முகூர்த்தத்தன்று காலையில் வந்து பிரிட்ஜைத் திறந்தால், உள்ளே பனி சுவராகக் கட்டியிருந்தது. அட்டெண்டர் முந்தைய நாள் மாலை குளிர் கூட்டும் குமிழைக் கடைசி வரை திருகிவிட்டுப் போயிருக்கிறான். கதவோரம் இருந்த மொட்டுகள் நலமாக இருந்தன. அடித்தட்டில் சுவரை ஒட்டி இருந்த நாய்க்கடித் தடுப்பு மருந்துக் குப்பிகள் அத்தனையும் கல்லாக உறைந்திருந்தன. ஒன்று வெடித்தே போயிருந்தது. பிள்ளைகளுக்கான முத்தடுப்பு மருந்து முந்தைய நாள்தான் கிராமங்களுக்குப் போயிருந்ததால் தப்பியது. போலியோ சொட்டு மருந்து உறைந்தால் கெடாது.

"யோவ், குமிழத் திருகுனியா?"

"செத்த நேரம் கூட்டி வைப்போம்னு வச்சேன் சார். கொறைக்க மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு பூப்பையை எடுத்தான், வேனுக்கு நேரமாகிவிட்டதாம்.

குப்பிகளை மேசைமேல் வரிசையாக வைத்தேன். பனி கரைந்து மருந்து மறுபடி மருந்து போலவே ஆனது. ஒன்றைக் குலுக்கிப் பார்த்தேன். திரிந்த பால் மாதிரி திப்பி திப்பியாக அடியில் போய் உட்கார்ந்தது. உறைந்த நாய்க்கடி மருந்து, மருந்து இல்லை. அதை உடம்பில் ஏற்றுவதும் கிணற்றுத் தண்ணீரை ஏற்றுவதும் ஒன்று. டாக்டரிடம் சொல்லி, அவற்றை அழித்துவிட்டு, மாவட்டக் கிடங்கில் புதிதாகக் கேட்டு வாங்க வேண்டும். அதுதான் விதி. எப்படி உறைந்தது என்று கேட்பார்கள். பூ வெளியே வரும். பூவுக்குப் பின்னால் அந்த நான்கும் ஐந்தும் வரும். எனக்கு அப்போது பதவி உயர்வு வரும் நேரம்.

குப்பிகளைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அட்டையில் நான்கு என்று எழுதினேன். இவை காலாவதியாகிற வரைக்கும் இந்த ஊரில் யாரையும் நாய் கடிக்காமல் இருக்கட்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டதும் உண்மை. எனக்குப் பக்தி அதிகம்.

மூன்று வாரம்தான் போனது. ஒரு நாள் காலையில் அட்டெண்டரின் மல்லித் தோட்டத்துக்குள் ஒரு நாய் புகுந்தது. குனிந்து பூப் பறித்துக்கொண்டிருந்த கூலிக்காரப் பெண் ஒருத்தியின் வலது கையைக் கவ்வியது. அவள் உதறியதும், காபி கொண்டுவந்த அட்டெண்டரின் மகளை, எட்டு வயசுப் பிள்ளை, கெண்டைக்காலில் கடித்துவிட்டு ஓடியது. போகிற வழியில் ஒரு கன்றுக்குட்டியையும் கடித்ததாம். ஊர்க்காரர்கள் விரட்டி அடித்துக் கொன்றார்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அந்தப் பெண் கடிபட்ட கையில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையால் பிள்ளையின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் இன்னைக்கே ஆரம்பிச்சுருங்க" என்றார். அப்போதெல்லாம் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் ஊசி.

அட்டெண்டர் மருந்து அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான். என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"சார், எம்புள்ளைக்கு அந்த மருந்து வேணாம் சார்."

அந்தப் பெண்ணைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவளுக்கு ஒரு குப்பியை எடுத்து சிஸ்டரிடம் கொடுத்தேன். பிள்ளைக்குச் சாயங்காலம் போடலாம் என்று ஏதோ சாக்குச் சொன்னேன். பிறகு ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் பக்கம் இன்னொரு சுகாதார நிலையத்தில் இருந்த என் நண்பனிடம் போனேன். எங்களிடம் இருந்த மருந்துப் பெட்டி கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றேன்.

"எத்தன பேருக்கு வேணும்?" என்று கேட்டான்.

"ஒருத்தருக்கு."

"ஒருத்தருக்குன்னா சும்மா எடுத்துட்டுப் போ. ரெண்டு மூணு பேருன்னாலும் தாரேன், போன வாரந்தான் வந்துச்சு. ஆனா அதுக்கு உங்க டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துரு."

ஒரு லெட்டர். டாக்டரிடம் போய் நான்கு வரி எழுதி வாங்க வேண்டும். என்ன நடந்தது என்று அவர் கேட்பார். அவ்வளவுதான் தடை. "ஒருத்தருக்குத்தான்" என்று மறுபடியும் சொன்னேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, நன்றாகத் தூங்கினேன். நான் மனம் போராடி முடிவெடுத்தவன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மறுநாள் முதல் தினமும் காலையில் இரண்டு குப்பிகளை எடுத்துக் கொடுப்பேன். மேல்தட்டில் இருந்து எடுப்பது பிள்ளைக்கு. அடித்தட்டில் இருந்து எடுப்பது அவளுக்கு. சிஸ்டர் ஒருமுறை, "என்ன சார், ரெண்டும் வேற வேற லேபிளா இருக்கு?" என்றார். "புதுசா வந்தது பிள்ளைக்கு, இருக்கறத முடிச்சிருவோம் அந்தம்மாவுக்கு. முந்தி வந்தது முந்திப் போகணும்ல?" என்றேன். மருந்தைப் பாதுகாக்கும் வேலையில் முதல் விதி அதுதான். சிஸ்டர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திப்பிகள் தெரியக் கூடாது என்று, கொடுப்பதற்கு முன்னால் அவளுடைய குப்பியை நானே நன்றாகக் குலுக்கிவிடுவேன்.

அந்தப் பெண் ஒரு நாளும் தவறவில்லை. விடியற்காலையில் ஒற்றைக் கையால் பூப் பறித்துவிட்டு நேராக வருவாள். சில நாள் தாமதமாகும். "ஒனக்காக நாங்க கடையத் தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று எரிந்து விழுவேன். "வேல முடிஞ்சுதான சார் வர முடியும், கோவிச்சுக்காதீக" என்பாள். ஒரு நார்த்துண்டில் நாளுக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். அதை எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் எட்டுதான், இன்னும் ஏழுதான்" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வாள். வயிற்றில் போடுகிற ஊசி, பெரியவர்களே கத்துவார்கள். அட்டெண்டரின் மகள் முதல் நாள் இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை. மறுநாள் முதல் அந்தப் பெண் தான் முதலில் போட்டுக்கொண்டு, "இங்க பாரு கண்ணு, சித்தி அழுதேனா? எறும்பு கடிச்ச மாதிரிதேன்" என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஊசி போட்டுக்கொள்ளும்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ அட்டெண்டர் மருந்து அறைக்கு வந்தான். கண் கலங்கியிருந்தது.

"சார், அந்தப் பொம்பள கையப் புடிச்சுக்கிட்டுத்தான் எம்மக ஊசி போடுது. எனக்கு மனசு கேக்கல சார். அதுக்கும் எப்பிடியாச்சும்..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பூவை வைத்தவன் அவன், குமிழைத் திருகியவன் அவன், இப்போது நல்லவனாகவும் ஆக வேண்டுமாம்.

"மனசு கேக்கலையா? சரி. ஒம்மகளுக்கு வச்சிருக்கறதுல பாதிய அவளுக்குக் குடுத்துருவோம். சொல்லு, இப்பவே எடுத்துத் தாரேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு வெளியே போய்விட்டான். மறுநாள் வழக்கம் போல இரண்டு முழம் பூ என் மேசைக்கு வந்தது. பிரிட்ஜில் பூ வைப்பதும் நிற்கவில்லை. குமிழைத் தொடக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

பதினான்கும் முடிந்தது. கடைசி நாள் அவள் எல்லோரையும் கும்பிட்டாள். என்னையும் கும்பிட்டாள். மிச்சம் இருந்த குப்பிகளை அன்றைக்கே உடைத்துக் கொட்டினேன்.

ஒரு வாரம் கழித்து அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அந்த நாய் கடித்த கன்றுக்குட்டி நுரை தள்ளிச் செத்துப்போனதாம். அப்படியானால் நாய்க்கு வெறி இருந்தது நிச்சயம். அவள் மருந்து அறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"சார், எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல? மூணு பிள்ளைக சார்."

அப்போதும் நேரம் இருந்தது. பிளாஸ்க் அலமாரியில்தான் இருந்தது. ஒரு லெட்டர் எழுதி வாங்கி, இன்னொரு பதினான்கு ஊசி போட்டிருந்தால் பிழைத்தாலும் பிழைத்திருப்பாள். நான் என்ன சொன்னேன் என்பது எழுத்துப் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது.

"கன்னுக்குட்டிக்கு ஊசி போட்டாங்களா?"

"இல்ல சார்."

"அதான் செத்துச்சு. ஒனக்குப் பதினாலும் போட்டாச்சுல்ல? போ, போய் வேலையப் பாரு."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "ஆமால்ல!" என்று சிரித்துவிட்டுப் போனாள். ஒரு மனிதரை இவ்வளவு எளிதாகச் சந்தோஷப்படுத்த முடியும் என்று எனக்கு அதற்கு முன்பு தெரியாது.

இரண்டு மாதம் கழித்துக் கடிபட்ட கையில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்றாளாம். பிறகு காய்ச்சல். பிறகு தண்ணீர்ச் செம்பைப் பார்த்தால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்கியிருக்கிறாள். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தனி அறையில் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. தாகம், தாகம் என்று கத்தியவள் தண்ணீர் கொண்டுபோனவரைப் பார்த்து அலறினாளாம். மூன்றாம் நாள் போய்விட்டாள். எல்லாவற்றையும் அட்டெண்டர்தான் வந்து சொன்னான். அவன் மகள் நன்றாக இருந்தாள். இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

"நல்ல மருந்தே சில பேருக்குக் கேக்காது" என்று டாக்டர் சொன்னார். உண்மைதான், அந்த மருந்து அப்படித்தான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பல வருடம் ஓட்டினேன்.

காரியம் முடிந்து பத்து நாள் இருக்கும். அவளுடைய புருஷன் வந்தார். காய்கறி மூட்டை தூக்குகிறவர், நல்ல ஆகிருதி. சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். அவர் மடியில் இருந்து ஊசி போட்ட சீட்டை எடுத்து விரித்து என் மேசைமேல் வைத்தார். பதினான்கு கட்டத்திலும் சிஸ்டரின் கையெழுத்து இருந்தது.

"பதினாலும் போட்டா சார். ஒரு நாள் விடல. எனக்குச் சோறு பொங்காமக்கூட இங்க ஓடியாந்திருக்கா. பின்ன ஏன் சார்?"

சண்டை இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். டாக்டர் சொன்ன வாக்கியத்தையே சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனால் யாரையும் குத்தாத பொய். என் வாயில் வேறு ஒன்று வந்தது. மடியில் கனம் இருந்தவனுக்கு வழியில் பயம். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இன்னும் எத்தனை பேரிடம் கேட்பார் என்ற பயம்.

"பத்தியம் ஒழுங்கா இருந்தாளா?" என்று கேட்டேன்.

"இருந்தா சார். கஞ்சியும் தொவையலுந்தான்." அவருடைய முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஒரு நா... கருவாடு வச்சா சார். நாந்தான் கேட்டேன். வெஞ்சனம் இல்லாம எம்புட்டு நாளைக்குத் திங்கறதுன்னு கத்துனேன். வேணாம்யா, நான் ஊசி போடுறேன்னு சொன்னா. நாந்தான் கேக்கல. சட்டில ஒட்டுனத அவளும் ரெண்டு வாய் தின்னா."

கருவாட்டுக்கும் அந்த நோய்க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. படித்துப் பட்டம் வாங்கியவன் நான்.

"அதான்" என்றேன்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு மூட்டை சரிவது போலச் சரிந்தது. "நானே கொன்னுட்டேனே, நானே கொன்னுட்டேனே" என்று மார்பில் அடித்துக்கொண்டார். எழுந்து போகும்போது, "நீங்க ஒழுங்காத்தான் பாத்தீக சார், நாந்தான் கெடுத்துட்டேன்" என்று என்னைக் கும்பிட்டார். சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டார். அதைக் கிழித்துப் போட்டேன்.

நான் வருடம் தவறாமல் தவக்காலத்தில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவன். பொய் சொன்னேன் சாமி என்பேன். எத்தனை தடவை என்று சாமியார் கேட்டதில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எனக்கு அந்தப் பதவி உயர்வும் கிடைத்தது.

மாற்றலாகிப் போவதற்கு முன்னால், ஒரு நாள் அட்டெண்டர் வந்தான். அவளுடைய புருஷன் கருவாட்டு விஷயத்தை ஊரெல்லாம் தானே சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார். பெரிய மகனுக்குப் பதினைந்து வயது. எங்கம்மாவைக் கொன்றவன் என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லையாம். அவர் மகன் இருக்கும் இடத்துக்கே போய் நின்றபோது, கதவைத் திறக்கவில்லையாம்.

"அந்த ஆள் நடைப்பிணமாத் திரியிறாரு சார். அவருகிட்ட மட்டுமாச்சும் சொல்லிருவோம் சார்" என்றான் அட்டெண்டர்.

"சொன்னா அவ திரும்பி வந்துருவாளா?" என்று கேட்டேன்.

அவன் போய்விட்டான். அவள் திரும்பி வர மாட்டாள்தான். ஆனால் மகன் திரும்பி வந்திருப்பான். கேட்கும்போதே அது எனக்குத் தெரியும்.